பட்டறைத் திண்ணை: பழைய டிராக்டருக்கு என்ன விலை சொல்வது?

மன்னார்குடிப் பக்கம் 34 வருடம் டிராக்டர் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஐயா, எனக்கு ஒரத்தநாடு பக்கம். 2015 மாடல் 45 எச்பி வண்டி, ஒரே கை, வாங்கியதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. மீட்டரில் 5,800 மணி நேரம். ஆனால் மீட்டர் கேபிள் அறுந்து ஒரு வருடமாகிறது, போடவில்லை. கலப்பையைத் தூக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். முன் டயர் இரண்டும் வழுக்கை, பேட்டரியும் போய்விட்டது. கிளட்ச் மட்டும் ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றினேன். நான் 4,25,000 சொல்கிறேன். தரகர் மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போகாது என்கிறார். ஆன்லைனில் இதே மாடலை 4,75,000 என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இதே வண்டி மூன்று கைமாறியது: 2025 ஜூலையில் ஒன்று 4,05,000. இந்தப் பொங்கலுக்குப் பிறகு இரண்டு, 3,65,000, 3,85,000. நான் என்ன விலை சொல்ல?

தம்பி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே மூன்று விலை, அதில்தான் பதில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 4,25,000 உங்கள் ஆசை. தரகர் சொல்லும் மூன்று லட்சம் அவருடைய ஆசை. மூன்றுக்கு வாங்கி மூன்றரைக்கு மேல் தள்ளலாம் என்று பார்க்கிறார். அது அவர் பிழைப்பு, குற்றம் சொல்ல மாட்டேன். ஆன்லைனில் போட்டிருக்கும் 4,75,000 இன்னும் விற்காத வண்டியின் விலை. விற்றிருந்தால் விளம்பரம் அங்கே நிற்காது. காசு எண்ணி வாங்கிப் போன விலைதான் கணக்கு.

அந்த மூன்றிலும் ஜூலை விலையை அப்படியே எடுக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. வரியோடு ஏழு லட்சம் இருந்த புது வண்டி 6,56,250-க்கு வந்தது. 43,750 ரூபாய் குறைவு, அதாவது நூற்றுக்கு ஆறேகால். புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். 'இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாமே' என்று வாங்க வருகிறவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் உங்கள் வாசலில் நிற்பார். அதனால் ஜூலையில் 4,05,000-க்குப் போன வண்டியை இன்றைக்கு 3,80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் வரி குறைந்த பிறகு விற்றவை, அப்படியே இருக்கட்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பக்கம் நல்ல நிலையில் இருக்கும் இந்த வண்டிக்கு 3,75,000 என்று சொல்லலாம்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம்.

சாயங்காலம் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி முழுசாகத் தூக்குங்கள். வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சுவரில் கலப்பை முனை உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். விரல்கடை அளவு இறங்கியிருந்தால் பழைய வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை. அதற்குள் கொத்து தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் போயிருக்கும், அல்லது கன்ட்ரோல் வால்வு கசியும். எதுவென்று திறந்து பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கே தெரியாத செலவை வாங்குகிறவன் இரண்டு மடங்காகப் பயந்து கழிப்பான். அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டி, சாமானும் கூலியுமாக எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். 15,000 என்கிறார் என்று வைப்போம். முன் டயர் ஒரு ஜோடி 10,000. பேட்டரி 7,000. இவை நான் கணக்குக்காகப் போடுகிற எண்கள். உங்கள் ஊர்க் கடை விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 32,000 கழிய வேண்டும்.

கிளட்ச் புதுசு, வண்டி ஒரே கை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு 12,000 கூட்டலாம். கிளட்சுக்கு நீங்கள் செலவழித்த முழுப் பணத்தையும் கேட்கக் கூடாது, ஆறு மாதம் நீங்களும்தானே மிதித்திருக்கிறீர்கள்? ஆக 3,55,000. இதுதான் என் கணக்கில் நியாயமான விலை. 3,75,000 சொல்லி ஆரம்பியுங்கள். 3,45,000-க்குக் கீழே கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பின் டயர் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. டயரின் பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கிற மேடு, பாதி இருந்தால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். விற்ற மற்ற வண்டிகளிலும் பாதி டயர்தான் இருந்திருக்கும். விற்பதற்காகப் பின் டயர் புதுசாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்ட காசில் பாதிகூடத் திரும்பாது.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 5,800 என்று சொல்லி விற்காதீர்கள். கேபிள் அறுந்ததைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கணக்கையும் சொல்லுங்கள். கடைசி ஒரு வருடத்துக்கு டீசல் போட்ட நோட்டு இருக்கிறதா? 2,500 லிட்டர் போட்டிருந்தால், உழவும் ரொட்டவேட்டரும் கலந்து மணிக்கு நாலரை லிட்டர் என்று பார்க்கும்போது 550 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும். ஆக 6,350. டீசல் கணக்கு எழுதி வைத்த மனுஷன் ஆயிலும் நேரத்துக்கு மாற்றியிருப்பான் என்று வாங்குகிறவன் நினைப்பான், அது உங்களுக்கு நல்லதுதான். இன்னொன்று, கேபிளில் ஓடும் பழைய மீட்டர் கடிகாரம் மாதிரி ஓடாது. எஞ்சின் சுற்றுக்குத் தக்கபடி ஓடும். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் போனால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக டிரெய்லர் இழுத்த வண்டியில் நிஜமாக ஓடிய மணிக்கும் மீட்டர் மணிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

எஞ்சின் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லை. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி மேலே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூச்சு விடுகிற மாதிரி லேசாகப் பட்டால் சரி. அடுப்பு ஊதுகிற மாதிரி புகையோடு கையைத் தள்ளினால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அப்படியென்றால் மேலே போட்ட கணக்கைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எஞ்சின் வேலைக்கு ஆகும் தொகையைத் தனியாகக் கேட்டு, அதை முழுசாகக் கழிக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998-ல் என்னுடைய சொந்த வண்டி ஒன்றை விற்றேன். ரிங் தேய்ந்து நீலப் புகை அடித்தது. மெக்கானிக்குக்குத் தெரியாத வித்தையா? ஆயிலைக் கெட்டியாக்கினால் புகை ஒரு வாரத்துக்கு அடங்கும். கொஞ்சம் கியர் ஆயிலைக் கலந்து ஊற்றினேன். வாங்க வந்தவர் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அறுப்பு முடிந்து ஒருநாள் காலை அதே வண்டியில் வந்தார். பட்டறைக்கு முன்னால் நிறுத்தினார், எஞ்சினை அணைக்கவில்லை. எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வேலைக்கு வந்திருந்த நாலு பேரும் புகையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயைக் குடித்து முடித்தவுடன் நானே போய் எஞ்சினை அணைத்தேன். சாமான் காசு அவருடையது, வேலை என்னுடையது என்று முடிந்தது. இரண்டு வாரம் மற்ற வண்டியைத் தொட முடியவில்லை.

விற்கிற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் என்று டெல்டாவில் எல்லோருக்கும் கணக்கு. குறுவைக்கு உழ வண்டி வேண்டுமென்று தேடுகிறவர்கள் அதற்கு முந்தின மூன்று நான்கு வாரத்தில்தான் அலைவார்கள். வைகாசியை விடாதீர்கள். சம்பா நட்டு முடிந்து ஐப்பசி மழையில் வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும்போது விற்கப் போனால் என் கணக்கும் உங்களைக் காப்பாற்றாது.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறான். 2016-ல் 6,50,000-க்கு வாங்கிய டிராக்டருக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால் ஒன்பது வருடத்தில் ஒன்றரை லட்சம்தான் மிச்சம் என்கிறான். அந்த விலைக்கே கொடுத்துவிடலாமா?

கொடுப்பதாக இருந்தால் எனக்கு முதலில் ஒரு போன் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்!

மகன் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அது வரிக்குப் போடுகிற கணக்கு. வயலில் ஓடுகிற வண்டிக்கு அந்த 15 சதவீதம் தெரியாது. டிராக்டர் முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் மடமடவென்று இறங்கும். அப்புறம் மெதுவாக இறங்கி, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். எங்கள் பக்கம் மாஸ்ஸி, மஹிந்திரா, ஸ்வராஜ் மாதிரி எந்த ஊரிலும் சாமான் கிடைக்கிற வண்டிக்கு இருபது வருடம் ஆனாலும் ஆள் வரும். சாமானுக்குச் சென்னை வரை அலைய வேண்டிய வண்டி என்றால் ஐந்து வருடத்திலேயே கேட்க ஆள் இருக்காது. பதினைந்து வருடம் நெருங்குகிற வண்டிக்கு மட்டும் ஆர்சி புதுப்பிக்கிற செலவையும் அலைச்சலையும் யோசித்துக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். உங்களுடையதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒரத்தநாட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படித்து, உங்கள் ஊரில் விற்ற விலையை விசாரியுங்கள்.

வணக்கம் ஐயா. பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பாவின் டிராக்டர் பதினான்கு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது. சித்தப்பா மகன் இரண்டு லட்சத்துக்குக் கேட்கிறார், "சொந்தத்துக்குள் என்ன விலை பேசுவது" என்கிறார். வெளியிலிருந்து வந்த ஒருவர் 2,80,000 தருகிறேன் என்றார். அம்மா சித்தப்பா வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

அம்மா, முதலில் ஒன்று. அப்பா பெயரில் ஆர்சி இருக்கும்வரை நீங்கள் யாருக்கும் முறைப்படி விற்க முடியாது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, இறப்புச் சான்றோடு படிவம் 31 கொடுத்து வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். தம்பியின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அதை முடித்து, வங்கியின் ஆட்சேபனையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35-ம் வாங்கி ஆர்சியில் அந்தக் கடன் பதிவை நீக்க வேண்டும். மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் விற்பதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரெய்லர் இருந்தால் அதற்கென்று தனி ஆர்சி இருக்கும். அப்பாவின் பெட்டியில் தேடுங்கள்.

பதினான்கு மாதம் நின்ற வண்டியை விலை பேசுவதற்கு முன்னால் ஓடவைக்க வேண்டும். நிற்கிற வண்டிக்குக் கேட்பவர் சொல்வதுதான் விலை. டேங்கில் இருக்கும் பழைய டீசலை வடித்துவிட்டு, டீசல் பில்டரை மாற்றி, டீசல் லைனில் அடைத்த ஏரை எடுத்து, பேட்டரி யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஏர் கிளீனரைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், அதையும் உறிஞ்சி உள்ளே இழுத்த வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அப்பா சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புச் சக்கரம்) போட்டு ஓட்டியிருப்பார். பின் ஆக்ஸில் பக்கம் ஆயில் கசிந்து மண் அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது. அதைத் துடைத்து மறைக்க வேண்டாம், காட்டியே பேசுங்கள். இதெல்லாம் ஒரு மெக்கானிக்குக்கு அரைநாள் வேலை. இந்தச் செலவு கட்டாயம் திரும்பி வரும்.

இப்போது சித்தப்பா மகன். நான் பார்த்தவரை, பங்காளிக்கு விற்ற வண்டியில் தகராறு வருவது குறைந்த விலைக்குக் கொடுத்ததால் இல்லை. விலை என்னவென்றே சொல்லாமல் கொடுத்ததால்தான் வருகிறது. "இரண்டு லட்சம்தான் பெறும், அதற்கே வாங்கினேன்" என்று அவர் ஊரில் சொல்வார். "எண்பதாயிரம் விட்டுக்கொடுத்தோம்" என்று உங்கள் அம்மா மனதில் வைத்திருப்பார். நாலு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அது வெடிக்கும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையைவிட்டு விரலால் விலை பேசுவார்கள். அது முன்பின் தெரியாதவனோடு செய்கிற வியாபாரத்துக்குச் சரி. சொந்தத்துக்குள் துண்டு வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு மெக்கானிக், அவர் பக்கத்துக்கு ஒருவர் வரட்டும். இருவரும் வண்டியைப் பார்த்து ஒரு விலைக்கு வரட்டும். 2,60,000 என்று வருகிறது என்று வையுங்கள். தரகர் இல்லாததால் இரண்டு பக்கமும் கமிஷன் மிச்சம், அதை அவருக்கே விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேலே அம்மா எவ்வளவு விட்டுக்கொடுக்க நினைக்கிறாரோ, அதை அவரே வாயால் சொல்லட்டும்: "வண்டி 2,60,000 பெறும், நீ பிள்ளை என்பதால் முப்பதாயிரம் விடுகிறேன்." இப்படிச் சொல்லிவிட்டால் அது அம்மா கொடுத்த பணமாக இருக்கும். கலப்பையும் டிரெய்லரும் அந்த விலையில் சேர்ந்ததா இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அதைப் பேசாமல் விட்டு, கலப்பைக்காகப் பஞ்சாயத்து வரை போன குடும்பம் எனக்குத் தெரியும்.

வெளியாள் 2,80,000 சொன்னதை அதிகம் நம்ப வேண்டாம். ஓடாத வண்டியைப் பார்த்துச் சொன்ன விலை அது. அட்வான்ஸ் கொடுத்தாரா? இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

விற்பதற்கு முன்னால் பெயின்ட் அடிக்கலாமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், சீட்டைத் தைத்துப் போடுங்கள், எரியாத பல்பை மாற்றுங்கள். புது பெயின்ட்டைப் பார்த்தாலே எதை ஒட்டவைத்து மறைத்திருக்கிறான் என்று மெக்கானிக் தேட ஆரம்பிப்பான். அவன் தேடினால் ஏதாவது கிடைக்கும்.

வாங்குகிறவர் முழுப் பணத்தையும் ரொக்கமாகத் தருகிறேன், ஆர்சியைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். நம்பலாமா? (வாசகர், பேராவூரணி)

அவரை நம்புங்கள், "பிறகு" என்பதை நம்பாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டுக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள். மணல் கடத்தி மாட்டிக்கொண்டாலும் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். சாவி கொடுக்கும்போது தேதியும் மணியும் போட்டு ஒரு டெலிவரி சீட்டு எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மணியை விட்டுவிடாதீர்கள். காலையில் ஓட்டிப் போனவர் மத்தியானமே முட்டியிருக்கலாம்.

ரொக்கம் பற்றி: ஒரே பரிவர்த்தனைக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மாட்டினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான். வங்கியில் போடச் சொல்லுங்கள். "எனக்கு பேங்க் எல்லாம் பழக்கமில்லை" என்று அவர் சொன்னால், வண்டியைக் கொட்டகையிலேயே வைத்துப் பூட்டுங்கள். பழக்கம் வந்தபிறகு அவரே வருவார்.